பழைய பின்பால் இயந்திரத்தில் தொலைந்த ஒன்றரை வோல்ட்

சரிந்த பலகையில் உருளும் பந்தை ஃபிளிப்பர் என்னும் சிறு மட்டைகளால் தட்டி ஆடும் இயந்திரம் பின்பால். இந்த இயந்திரத்தில் இடது ஃபிளிப்பர் பொத்தானை அழுத்திப் பிடித்தால் விளக்குகள் அத்தனையும் சோர்ந்துவிடும். விரலை எடுத்தால் ஒளி திரும்பும், ஆனால் முழுமையாகத் திரும்பாது. ஆட்டப்பலகை ஓரளவு தெரியும். பலகைக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும் பின்பெட்டியின் கண்ணாடியில் வரைந்த விண்வெளி வீரர்களோ எந்நேரமும் பாதி இருட்டில்தான் இருந்தார்கள்.

“தம்பி, பல்பை எல்லாம் மாற்றிப் பார்த்துவிட்டேன். புதுப் பல்பும் அழுதுதான் வடிகிறது” என்றார் இயந்திரத்துக்குச் சொந்தக்கார அண்ணன். கப்பல்களில் மின்பணி செய்து ஓய்வுபெற்றவர். ஊர் திரும்பிய ஒரு வெளிநாட்டுக் குடும்பத்திடமிருந்து பல ஆண்டுகளுக்கு முன் இதை வாங்கியிருக்கிறார். சிங்கப்பூரின் ஹவ்காங்கில் உள்ள அவருடைய அடுக்குமாடி வீட்டின் கூடத்தில், சன்னலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. நூறு கிலோவுக்கு மேல் எடை இருக்கும். கால்களையும் பின்பெட்டியையும் கழற்றித்தான் மின்தூக்கியில் ஏற்றினார்களாம்.

சிகாகோவின் வில்லியம்ஸ் நிறுவனம் 1976இல் தயாரித்த ‘ஸ்பேஸ் மிஷன்’ இது. அமெரிக்காவின் அப்போலோவும் சோவியத்தின் சோயுஸும் 1975இல் விண்ணில் இணைந்ததை வைத்து உருவாக்கிய நால்வர் ஆட்டம். பலகையின் நடுவில் ஓர் இலக்கு இடமும் வலமுமாக ஆடிக்கொண்டே இருக்கும். உள்ளே ஒரு மின்னணுச் சில்லுகூடக் கிடையாது. ரிலேக்கள் (மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்சுகள்), காயில்கள் (இரும்புத் தண்டை இழுக்கும் கம்பிச் சுருள்கள்), எண் உருளைகள், கணக்கு மோட்டார், கட்டுக்கட்டாகத் துணி உறையிட்ட கம்பி ஆகியவைதான் எல்லா வேலையையும் செய்கின்றன. அதனாலேயே எனக்கு இவற்றின் மேல் இவ்வளவு பிரியம். பழுது எதுவானாலும் கண்ணால் பார்க்கலாம், மீட்டரால் அளக்கலாம்.

விளக்கு மங்குகிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, எப்போதும் மங்கலா அல்லது ஏதாவது நடக்கும்போது மட்டும் மங்கலா என்பதுதான். இரண்டும் வெவ்வேறு நோய்கள். எப்போதும் மங்கலாக இருந்தால், டிரான்ஸ்ஃபார்மருக்கும் பல்புக்கும் நடுவே எங்கோ மின்னழுத்தம் தொலைகிறது என்று பொருள். ஏதோ ஒரு காயில் இழுக்கும்போது மட்டும் மங்கினால், அந்தக் காயில் அளவுக்கு மீறி மின்சாரம் குடிக்கிறது, அல்லது மின்சாரம் கொடுக்கும் இடம் பலவீனமாக இருக்கிறது. இந்த இயந்திரத்துக்கு இரண்டு நோயும் சேர்ந்தே இருந்தன. ஒன்றைத் தீர்க்காமல் மற்றொன்றை அளந்தால் எண்கள் குழப்பும்.

காயில் எரிந்துபோகும் ஆபத்து இருந்ததால் ஃபிளிப்பரில் தொடங்கினேன்.

ஃபிளிப்பர் காயிலுக்குள் இரண்டு சுற்றுகள் உண்டு. தடித்த கம்பியில் சில ஓம் மட்டுமே உள்ள ஆற்றல் சுற்று பந்தை உதைக்கும். மெல்லிய கம்பியில் மின்தடை அதிகமுள்ள சுற்று, தூக்கிய ஃபிளிப்பரை அப்படியே பிடித்து வைத்திருக்கும். ஃபிளிப்பர் எழுந்து முடியும் இடத்தில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. ஓய்வில் அது மூடியிருக்கும், மின்சாரம் மெல்லிய சுற்றைத் தவிர்த்துவிட்டுத் தடித்த சுற்றில் மட்டும் பாயும். ஃபிளிப்பர் உச்சத்தை எட்டியதும் சுவிட்ச் திறக்க வேண்டும். திறந்தால்தான் இரண்டு சுற்றுகளும் தொடராகி மின்சாரம் அடங்கும். திறக்காவிட்டால் பொத்தானைப் பிடித்திருக்கும் நேரமெல்லாம் காயில் முழு மின்சாரத்தை இழுக்கும். விளக்கும் காயிலும் ஒரே டிரான்ஸ்ஃபார்மரின் பிள்ளைகள் என்பதால் விளக்கு மங்கும். கொஞ்ச நேரத்தில் காயிலிலிருந்து கருகல் வாடை வரும்.

இதைக் கண்டுபிடிக்கப் பெட்டியைத் திறக்கக்கூட வேண்டாம். வலது பொத்தானை அழுத்திப் பிடித்தேன். விளக்கு ஒரு நொடி தாழ்ந்து உடனே நிமிர்ந்தது. இடதைப் பிடித்தபோது தாழ்ந்தது தாழ்ந்ததுதான். வலதில் சுவிட்ச் திறக்கிறது, இடதில் திறக்கவில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. இயந்திரத்துக்குள் உள்ள டிரான்ஸ்ஃபார்மரின் 6 வோல்ட் முனைகளில் மீட்டர் வைத்தபோது ஓய்வில் 5.8 காட்டியது, இடது பொத்தானைப் பிடித்தவுடன் 5.2க்கு இறங்கி அங்கேயே நின்றது.

பலகையைத் தூக்கிப் பார்த்தபோது காயிலின் காகித உறை பழுப்பேறியிருந்தது. காயிலின் அடியில் உள்ள இரும்புத் தடுப்பில் உள்தண்டு பல்லாயிரம் முறை மோதி, இரண்டின் முகங்களும் விரிந்துபோயிருந்தன. விரிந்த விளிம்பு குழலில் உரசியதால் தண்டு கடைசி மில்லிமீட்டர்களைக் கடக்க முடியவில்லை, கடக்காததால் சுவிட்சைத் தள்ளவும் இல்லை. தகட்டை வளைத்தே அதைத் திறக்கச் செய்யலாம். ஆனால் தடுப்பு அப்படியே இருந்தால் சில மாதங்களில் பழைய கதைதான். தடுப்பையும் தண்டின் இணைப்புத் துண்டையும் மாற்றினேன். சுவிட்சின் தொடுமுனைகள் டங்ஸ்டன். அது கடினமான உலோகம், உப்புத்தாளுக்கு மசியாது, சிறு அரம்தான் வேண்டும். தேய்த்துச் சமமாக்கி, ஃபிளிப்பர் உச்சத்தில் இருக்கும்போது ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் இடைவெளி வருமாறு தகட்டைச் சரிசெய்தேன். இப்போது இரண்டு பொத்தான்களும் ஒரே மாதிரி நடந்துகொள்கின்றன. கண நேரத் தாழ்வு மட்டும் மிச்சம்.

அந்தக் கண நேரத் தாழ்வு எவ்வளவு பெரியது என்பதை மின்சாரம் கொடுக்கும் இடம் தீர்மானிக்கிறது. சிங்கப்பூரில் நமக்கு வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். இந்த இயந்திரம் அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸுக்காக, அங்குள்ள 115 வோல்ட்டை ஒட்டிய மின்சாரத்துக்காகப் பிறந்தது. நடுவே அண்ணன் வைத்திருந்தது 300 விஏ (வோல்ட்-ஆம்பியர்) என்று அச்சிட்ட, சமையலறைச் சாதனங்களுக்கான ஒரு சிறு மின்குறைப்பி. 110 என்று எழுதியிருந்த முனையில், விளக்குகள் மட்டும் எரியும்போதே 104 வோல்ட்தான் கிடைத்தது. பழுதான இடது ஃபிளிப்பர் இழுத்தபோது 96க்கு விழுந்தது. விளக்குகள் தனியாக 70 வாட்டுக்கு மேல் எடுக்கும். அதன்மேல், பந்து பட்டால் அதை எற்றிவிடும் ஒரு பம்பரும் இரண்டு ஃபிளிப்பரும் சேர்ந்து இழுத்தால் இந்தச் சின்னப் பெட்டிக்கு மூச்சு முட்டிவிடும்.

மேலும் அது ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் வகை, உள்ளே ஒரே கம்பிச் சுற்றுதான். வீட்டு மின்சாரத்துக்கும் இயந்திரத்துக்கும் நடுவே தனிமைப்படுத்தல் எதுவும் இல்லை. இயந்திரத்தின் மூலக் கம்பியோ இரண்டே இழை, நில இணைப்பே கிடையாது. காசுக்கதவு, கால்கள், பக்கப் பட்டைகள் எல்லாம் கைபடும் உலோகம். இதை அப்படியே விட்டுவிட்டு விளக்கைப் பற்றிப் பேசுவது நியாயமில்லை என்று அண்ணனிடம் சொன்னேன். கப்பலில் நில இணைப்பின் அருமை தெரிந்தவர் என்பதால் மறுபேச்சுப் பேசவில்லை. 1000 விஏ திறனுள்ள, இரண்டு சுற்றுகளும் தனித்தனியாக அமைந்த டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினோம். மூன்று இழைக் கம்பி போட்டு, நில இழையைக் கைபடும் உலோகப் பாகங்கள் அத்தனைக்கும் கொண்டுபோனேன். 110 வோல்ட் பக்கத்தில் ஒரு ஃபியூஸும் வைத்தேன். வீட்டில் மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் கருவி இருக்கிறதே என்று தைரியமாக இருந்துவிடக் கூடாது. இத்தகைய டிரான்ஸ்ஃபார்மருக்கு அப்பால் நடப்பது அந்தக் கருவியின் கண்ணுக்குத் தெரியாது.

120 வோல்ட் எடுத்தால் விளக்கு இன்னும் பளிச்சென்று எரியுமே என்று கேட்கலாம். 60 ஹெர்ட்ஸுக்காகச் சுற்றிய இரும்பில் 50 ஹெர்ட்ஸ் பாயும்போது, அதே மின்னழுத்தத்துக்குக் காந்தப்பாயம், அதாவது இரும்புக்குள் ஓடும் காந்தத்தின் அளவு, ஐந்தில் ஒரு பங்கு கூடும். அதற்குமேல் காந்தத்தை ஏற்க முடியாமல் இரும்பு நிறைவடைந்து, உறுமி, சூடாகும். அதனால் 110இல் நிறுத்திக்கொண்டேன். கணக்கு மோட்டார் அமெரிக்காவில் சுற்றுவதைவிடச் சற்று மெதுவாகச் சுற்றும், அதனால் கெடுதல் இல்லை. இப்போது 6 வோல்ட் முனைகளில் 6.1 நின்றது.

ஆனாலும் பின்பெட்டி அழுது வடிந்தது. வேலையின் சுவையான பகுதி இதுதான்.

இயந்திரத்தின் சொந்த டிரான்ஸ்ஃபார்மரில் 6.1 இருக்கிறது. பின்பெட்டியின் மேல் மூலையில் உள்ள கடைசிப் பல்பின் பிடிப்பானில் அளந்தால் 4.6தான். ஆட்டப்பலகையில் 5.2. வழியில் ஒன்றரை வோல்ட் காணாமல் போகிறது. டங்ஸ்டன் இழைப் பல்பின் ஒளி மின்னழுத்தத்தின் ஏறக்குறைய 3.4ஆம் அடுக்கைப் பின்பற்றி மாறும். 6.3 வோல்ட் பல்புக்கு 4.6 கொடுத்தால் மின்னழுத்தம் கால்வாசிதான் குறைகிறது, ஒளியோ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. எத்தனை புதுப் பல்பு போட்டாலும் அண்ணனுக்கு விடிவு வராததன் காரணம் இதுவே.

போன வோல்ட் எங்கே போனது? இங்கேதான் பலர் மீட்டரை ஓம் பக்கம் திருப்பி, இணைப்புகளைச் சோதித்து, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று முடித்துவிடுகிறார்கள். விளக்குச் சுற்றின் ஃபியூஸ் கம்பியில், கம்பியைக் கவ்வியே மின்சாரத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரைப் போட்டபோது 12 ஆம்பியர் ஓடியது. 12 ஆம்பியர் ஓடும் வழியில் 0.03 ஓம் மின்தடை இருந்தாலே கால் வோல்ட்டுக்கு மேல் போய்விடும். சாதாரண மல்டிமீட்டரின் இரண்டு கம்பிகளுக்கே 0.2 ஓம் இருக்கும். அதை வைத்து 0.03ஐத் தேடுவது வீண். விளக்குகளை எரியவிட்டு, மீட்டரை ஏசி வோல்ட்டின் மிகச் சிறிய அளவில் வைத்து, ஒவ்வொரு இணைப்பின் இரண்டு பக்கங்களிலும் முனைகளை வைத்து அளக்க வேண்டும். நல்ல இணைப்பு ஏறக்குறையச் சுழியம் காட்டும். கெட்டது தன்னிடம் எவ்வளவு தங்கிவிட்டது என்பதைத் தானே சொல்லிவிடும். நீண்ட கம்பியில் முதலைக் கிளிப் போட்டு ஒரு முனையை டிரான்ஸ்ஃபார்மரில் கடித்துவிட்டு, மற்றதைப் படிப்படியாகப் பல்பை நோக்கி நகர்த்திக்கொண்டே போனேன். விளக்குச் சுற்று 6 வோல்ட்தான் என்றாலும், அதே அடிப்பலகையில் 110 வோல்ட்டும் இருக்கிறது. ஒரு கையைப் பெட்டிக்கு வெளியே வைத்துக்கொண்டுதான் அளப்பேன்.

ஃபியூஸ் பிடிப்பானின் இரு பக்கமும் 0.38 வோல்ட். லாக் ரிலேயின் தொடுமுனையில் 0.31. இந்த இயந்திரத்தில் பொது விளக்குகளுக்கான மின்சாரம் முழுவதும் அந்த ஒரு ஜோடித் தொடுமுனை வழியாகத்தான் போகிறது. கீழ்ப்பெட்டியையும் பின்பெட்டியையும் இணைக்கும், பல முள்கள் கொண்ட ஜோன்ஸ் பிளக்கில் 0.55. இவை மட்டுமே 1.24 ஆகிவிட்டன. மிச்சம் 0.26, கம்பியிலும் திரும்பிவரும் வழியிலும் பல்புப் பிடிப்பான்களிலும் சிதறியிருந்தது. ஆட்டப்பலகைக்கு ஜோன்ஸ் பிளக்கைக் கடக்க வேண்டிய தேவை இல்லாததால்தான் அது பின்பெட்டியைவிடப் பிரகாசமாக இருந்தது. கூட்டிப் பார்த்தபோது கணக்கு ஒத்துப்போனது. அந்த நேரத்தில் கிடைக்கும் நிறைவு எனக்கு ஆட்டத்தில் ஜெயிப்பதைவிடப் பெரிது.

அண்ணன் இதையே மீட்டர் இல்லாமல் செய்து காட்டினார். இயந்திரத்தை அரைமணி நேரம் எரியவிட்டு, அணைத்து, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒவ்வோர் இணைப்பையும் விரலின் புறப்பக்கத்தால் தொட்டுக்கொண்டே போனார். ஃபியூஸ் பிடிப்பான் வந்ததும் விரல் நின்றது. “எங்கே சூடோ அங்கேதான் திருடன்” என்றார். 0.38 வோல்ட்டை 12 ஆம்பியரால் பெருக்கினால் நாலரை வாட். அவ்வளவும் ஒரு நகத்தளவு தகட்டில் சூடாக மாறுகிறது. கப்பல் இயந்திர அறைகளில் இப்படித்தான் தளர்ந்த முனைகளைத் தேடுவார்களாம்.

அந்தப் பிடிப்பானைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தேன். தகட்டின் இரு கைகளும் நீலமும் பழுப்புமாக நிறம் மாறியிருந்தன. சூட்டில் விறைப்பு போய், ஃபியூஸைப் பிடிக்காமல் வெறுமனே தாங்கிக்கொண்டிருந்தன. ஃபியூஸின் உலோகத் தொப்பியில் கரும்புள்ளிகள். தளர்ந்தால் சூடாகும், சூடானால் இன்னும் தளரும், ஆக்சைடும் ஏறும். சிங்கப்பூரில் ஆண்டுச் சராசரி ஈரப்பதமே 80 விழுக்காட்டைத் தாண்டுவதால் அந்தச் சுழற்சி வேகமாகவே நடக்கிறது. இடுக்கியால் நெருக்கிப் பார்த்தாலும் விறைப்பிழந்த தகடு திரும்ப விறைக்காது. புதிய பிடிப்பான்தான் தீர்வு. சிம் லிம் டவரில் கிடைத்தது. ஜாலான் புசாரில் அந்தக் கட்டடத்தைக் கடக்கும்போதெல்லாம், 2017 ஜூலையில் மூடப்பட்ட பக்கத்துச் சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை நினைவுக்கு வருகிறது. இதுபோன்ற வேலைக்கு வேண்டிய விசித்திரப் பாகங்களை அங்கே தரையில் விரித்து வைத்திருப்பார்கள். ஃபியூஸ் அளவை மட்டும் இயந்திரத்தின் சீட்டில் போட்டிருந்தபடியே, 15 ஆம்பியராகவே வைத்தேன். மங்கலைப் போக்கப் பெரிய ஃபியூஸ் போடுவதைப்போல் ஆபத்தான வைத்தியம் வேறில்லை. கம்பி எரியும், ஃபியூஸ் எரியாது.

லாக் ரிலேயின் தொடுமுனைகள் வெள்ளி. முகத்தில் குழிகள் விழுந்திருந்தன. மெல்லிய அரத்தால் ஓரிரு தடவை மட்டும் தேய்த்தேன், வெள்ளியைக் கரைத்துவிடக் கூடாது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட கெட்டி அட்டையை நடுவில் வைத்து இழுத்துத் துடைத்தேன். மூடியபின் இரண்டு தகடுகளும் ஒன்றையொன்று சற்றே தள்ளும்படி அழுத்தம் கொடுத்தேன். தொடுமுனைத் துப்புரவுத் தெளிப்பான்களையோ எண்ணெய்த் தெளிப்பான்களையோ இந்த இயந்திரங்களுக்குள் அடிக்கவே கூடாது. பொறி பறக்கும் தொடுமுனைகளும் தீப்பற்றும் ஆவியும் ஒரே மரப்பெட்டிக்குள் இருக்கக் கூடாதவை. ஆல்கஹால் தொட்ட இடமும் முழுதாகக் காய்ந்த பிறகுதான் மின்சாரம் கொடுத்தேன்.

அதிகம் பொறுமை கேட்டது ஜோன்ஸ் பிளக். விளக்குக்கான முள்களைச் சுற்றியிருந்த காப்புப் பொருள் கருத்திருந்தது. ஆண் முள்களை மெல்லிய தேய்ப்புப் பஞ்சால் உலோகம் தெரியும்வரை தேய்த்தேன். பெண் பக்கத்துத் தகடுகளை மெல்லிய ஊசியால் உள்நோக்கி நெருக்கினேன். அப்படியும் 0.2 வோல்ட் அசையவில்லை. முள்ளின் பின்புறத்தில், பற்றவைத்த ஈயத்துக்கும் கம்பிக்கும் நடுவே முடியளவு வளையம் ஒன்று தெரிந்தது. ஈயம் கம்பியைச் சுற்றி நிற்கிறது, பிடிக்கவில்லை. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்து, கம்பியைப் புது உலோகம் தெரியச் சீவி, மறுபடி பற்றவைத்தேன். 0.06க்கு வந்தது. ஃபியூஸ் பிடிப்பானில் 0.08, ரிலேயில் 0.05. ஃபியூஸுக்கே சிறிது மின்தடை உண்டு என்பதால் அந்த எண் சுழியத்துக்கு வராது. வரவேண்டியதும் இல்லை.

பல்புப் பிடிப்பான்கள் தனி உலகம். கம்பி பற்றவைத்த காதும் பல்பு செருகும் குழலும் வெறும் அழுத்தத்தால்தான் இணைந்திருக்கின்றன. காலம் போகப்போக நடுவே துரு ஏறும். பல்பைப் பிடித்து இலேசாகத் திருகினால் மினுங்கும், அதுதான் அடையாளம். குழலையும் காதையும் சேர்த்து ஒரு சொட்டு ஈயம் வைத்தால் பெரும்பாலானவை திருந்திவிடும். அடியில் உள்ள சுருள்வில் தளர்ந்ததை மட்டும் மாற்றியே ஆகவேண்டும்.

இவ்வளவும் முடிந்தபிறகுதான் பல்புக்கு வந்தேன். உள்ளே இருந்தவை 44ஆம் எண் பல்புகள். 6.3 வோல்ட்டில் ஒவ்வொன்றும் 0.25 ஆம்பியர் எடுக்கும். அதே பிடிப்பானில் பொருந்தும் 47ஆம் எண்ணுக்கு 0.15 போதும். தனிப் பல்பாகப் பார்த்தால் 47 சற்றே மங்கல்தான். ஆனால் மொத்தச் சுற்றில் ஐந்தில் இரண்டு பங்கு மின்சாரம் குறைவதால் வழியில் உள்ள எல்லா இழப்பும் அதே அளவில் குறையும், டிரான்ஸ்ஃபார்மரின் முனையும் நிமிரும். மாற்றியபின் முனைகளில் 6.3, பின்பெட்டிக் கடைசிப் பல்பில் 6.0. கண்ணாடியின் பின்புறத்தில் பூசிய வண்ணம் சூட்டில்தான் உரிகிறது. குறைந்த சூட்டில் எரியும் 47 அந்த ஓவியத்துக்கும் நல்லது. அறுந்த கம்பியைச் சேர்க்கலாம், உரிந்த ஓவியத்தை யார் திரும்ப வரைவது?

எல்ஈடி போட்டிருந்தால் முதல் நாளே பிரச்சினை மறைந்திருக்கும் என்று சிலர் சொல்வார்கள். மறைந்திருக்கும் என்பது உண்மைதான். எல்ஈடி மிகக் குறைவாக மின்சாரம் எடுப்பதால் கெட்ட இணைப்புகள் வெளியே தெரியாது. ஆனால் இங்குள்ள 50 ஹெர்ட்ஸில், உள்ளே திருத்தி இல்லாத மலிவு எல்ஈடிகள் நொடிக்கு 50 தடவை அணைந்து எரியும். ஓடும் பந்து துண்டுதுண்டாகத் தெரியும். இழை பல்பின் மஞ்சள் ஒளிக்கென்றே 1976இல் தேர்ந்தெடுத்த சிவப்பும் நீலமும் வெள்ளை எல்ஈடியில் வேறு நிறமாகிவிடும். எனக்கு அதில் உடன்பாடில்லை, அண்ணனுக்கும் இல்லை.

இப்போதும் மூன்று பம்பர்களுக்கு நடுவே பந்து சிக்கித் துள்ளும்போது விளக்குகள் காயிலின் துடிப்போடு சேர்ந்து கண்சிமிட்டுகின்றன. டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றாக இருக்கும்வரை அது இருக்கும். புதிதாகத் தொழிற்சாலையை விட்டு வந்தபோதும் இருந்திருக்கும். அதைத் துரத்த வேண்டாம் என்பது என் கருத்து.

இயந்திரத்தை உலுக்கினால் ஒளிரும் ‘டில்ட்’ எழுத்துக்குப் பின்னால், பின்பெட்டியில் உள்ள பிடிப்பான் மட்டும் பாக்கி. அதன் சுருள்வில் உடைந்திருக்கிறது. அதே வளைவுள்ள தாங்கியோடு கூடிய பிடிப்பான் இங்கே கிடைக்கவில்லை, அமெரிக்காவிலிருந்து வரவேண்டும். அதுவரை அதைக் கழற்றி, கம்பி முனைகளில் சூட்டில் சுருங்கும் காப்புக் குழாய் போட்டு மூடி வைத்திருக்கிறேன். பின்பெட்டியின் சட்டகத்தில் நினைவூட்டும் சீட்டு ஒன்றும் கட்டிவிட்டேன்.